1770-களின் அமெரிக்க வேட்டைப் பையைக் கையால் தைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: 1770-களில் வர்ஜீனியா, கென்டக்கி காடுகளில் நீண்ட ரைஃபிளோடு திரிந்த வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டியிருந்த தோல் பையைப் போல ஒன்றைக் கையாலேயே தைக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 2.5 மி.மீ. மாட்டுத்தோல் எடுத்ததில் பை பலகை மாதிரி தட்டையாக விறைத்து நிற்கிறது. அடி மூலைகள் சுருங்கி முண்டு கட்டிவிட்டன. மூடி எட்டவில்லை. தோலில் அங்கங்கே கருநீலக் கறை. தவறு எங்கே?

நான்கு குறைகளில் மூன்றில் தோலின் கனத்துக்குப் பங்கு உண்டு. 2.5 மி.மீ. தோல் பெல்ட்டுக்கும் சேணத்துக்கும் உரியது. வேட்டைப் பை சேணக்காரர் வேலையே அல்ல, தையல்காரர் வேலைக்கு நெருக்கமானது. மெல்லிய தோலை மேல்பக்கம் உள்ளே இருக்க வைத்துத் தைத்து, சட்டைக் காலரைப் புரட்டுவது போலப் புரட்டி எடுக்கிறோம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் அளவு, நூல், ஊசி, எண்ணெய் என்று ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தானே விளங்கும்: சிறியது, மெல்லியது, குறைவானது.

பைக்குள் என்ன போகும் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும். வேட்டைக்காரர் டேனியல் பூன் கம்பர்லாண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குள் போன ஆண்டு 1769. அவரைப் போன்றவர்கள் மான்தோலுக்காக மாதக்கணக்கில் காட்டில் கிடந்தார்கள். ஆனால் மூட்டை முடிச்செல்லாம் குதிரைமேல்தான். தோள் பையில் இருந்தது துப்பாக்கியை மறுபடி நிரப்பத் தேவையானது மட்டும்: ஈயக் குண்டுகள், குண்டைச் சுற்றிப் பொதிய கொழுப்பு தடவிய லினன் துணித் துண்டுகள், இரண்டு மூன்று சக்கிமுக்கிக் கற்கள், குழலுக்குள் சிக்கிய துணியை இழுக்கும் திருகுக் கம்பி, துப்பாக்கியின் பொறித் துளை அடைத்தால் குத்தி நீக்கும் ஊசி, சிறு திருப்புளி, மருந்தளக்கும் சின்னக் குப்பி. வெடிமருந்து பையில் இருக்காது. அது மாட்டுக் கொம்பில், தனி வாரிலோ பையின் வாரிலேயோ தொங்கும். அரை அங்குலக் குழலுக்கான குண்டு ஒன்றின் விட்டம் சுமார் 12.4 மி.மீ., எடை சுமார் 11.5 கிராம். இருபது குண்டு என்றாலும் 230 கிராம்தான், உள்ளங்கையில் அள்ளிவிடலாம். ஆக, 18 செ.மீ. அகலமும் 19 செ.மீ. உயரமும் தாராளம். இன்று தைக்கப்படும் பல பைகள் 28, 30 செ.மீ. வரை போவதற்குக் காரணம் அலைபேசியும் தண்ணீர்ப் பாட்டிலும்தான். பை பெரிதானால் எல்லாம் அடியில் போய்ச் சேரும், குனிந்து துழாவ வேண்டியிருக்கும், நடக்கையில் இடுப்பில் மோதும்.

மாதிரி தேடும்போது ஒரு எச்சரிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. சேகரிப்புகளில் காண்பவற்றில் பெரும்பாலானவை அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. தட்டுத்தொப்பி (தட்டினால் பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் துப்பாக்கிகள் 1820-களுக்குப் பிறகே பரவின. தொப்பிகளுக்கென்று தனி அறையோ வாரில் தொப்பிச் செருகியோ உள்ள பையைப் பார்த்து 1775-க்கான பையைத் தைக்காதீர்கள். தோள் பை ஒன்றுதான் வழக்கம் என்றும் எண்ண வேண்டாம். 1769-ல் பிறந்து அந்த எல்லைப்புறத்திலேயே வளர்ந்த ஜோசஃப் டாட்ரிட்ஜ், குண்டுப் பை சில வேளை இடுப்புக் கச்சையின் முன்பக்கத்தில் இருந்ததாக 1824-ல் அச்சான தன் குறிப்புகளில் சொல்கிறார். நீங்கள் கேட்டது தோள் பை என்பதால் அதையே பார்ப்போம்.

தோல்

பையின் உடலுக்கு 1.0 முதல் 1.2 மி.மீ. வரை. வாருக்கு 2 முதல் 2.5 மி.மீ. அமெரிக்க வரைபடங்களில் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் 0.4 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு '3 அவுன்ஸ்' என்று போட்டிருந்தால் 1.2 மி.மீ. 1.5-ஐத் தாண்டினால் தைத்த பையைப் புரட்டுவதே போராட்டம். புரட்டினாலும் மூலை முண்டு கட்டும்.

பதனீடு தாவரப் பதனீடாகவே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோலும், மூளையும் புகையும் கொண்டு பதமாக்கிய மான்தோலும்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தன. குரோம் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். காலக்கணக்கு மட்டும் காரணமல்ல. குரோம் தோல் ஈரத்தில் வடிவம் பிடிக்காது, வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாகத் தெரியும், இரும்புக் கறுப்புச் சாயம் ஏறாது.

இந்தியாவில் இருப்பவர்கள் மான்தோலை மறந்துவிடுங்கள். 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு மான்களின் தோலை வைத்திருப்பதே குற்றம். அதற்கு இணையாக, சொல்லப்போனால் கைக்கு இன்னும் இணக்கமாக, தமிழ்நாட்டிலேயே ஒன்று கிடைக்கிறது. திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடிப் பக்கத் தோல் ஷாப்புகளில் 'ஈ.ஐ.' என்று சொல்லப்படும் ஈஸ்ட் இந்தியா பதனீட்டு ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டை, வேலம்பட்டைச் சாற்றில் பதப்படுத்திக் கடுக்காயில் வெளுப்பேற்றிய அந்த வெளிர்மஞ்சள் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. வெள்ளாட்டுத்தோலில் ஒன்று, நாலைந்து சதுர அடி, இந்தப் பைக்குத் தாராளம். பைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் ஒன்றரைச் சதுர அடிக்குள் அடங்கும். மிச்சத்தில் ஒரு ஒத்திகைப் பை தைத்துப் பாருங்கள்.

கடைக்காரர் வாய்மொழியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு விரல் அகலத் துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். தாவரப் பதனீடு என்றால் சுருண்டு, சுருங்கி, கடினமாகிவிடும். குரோம் என்றால் அப்படியே இருக்கும். மேலே தாவரச் சாறு ஏற்றிய குரோம் தோல் கண்ணை ஏமாற்றும், கொதிநீரை ஏமாற்றாது.

வெட்டும் இடமும் முக்கியம். பின்பக்கமும் மூடியும் ஒரே துண்டு. அதை முதுகெலும்புக் கோட்டையொட்டி, நீளவாக்கில் எடுங்கள். அங்கேதான் தோல் இழுபடாது. முன்துண்டைப் பக்கவாட்டில், வயிற்றுக்கு அருகே எடுக்கலாம். அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பது நமக்கு உதவிதான். ஏன் என்பது அடுத்து வருகிறது.

அளவுகள்

உங்கள் பை தட்டையாக இருந்ததற்குக் காரணம், முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே அளவில் வெட்டியது. பைக்கு வயிறு வேண்டும். பக்கப்பட்டை வைத்து வயிறு தருவது ஒரு வழி. ஆனால் சிறிய பையில் அது பெட்டித்தனத்தைக் கொடுக்கும். முன்துண்டைச் சற்றுப் பெரிதாக வெட்டி, மிகுதியை மூலைகளில் கரைப்பதே அழகு.

தையல்கோட்டு அளவுகள் இவை. பின்துண்டு: அகலம் 18, உயரம் 19 செ.மீ., அடி மூலை வளைவின் ஆரம் 4.5. முன்துண்டு: அகலம் 19.6, உயரம் 18.1, ஆரம் 5.5. பையின் வாய் மூடி மடியும் கோட்டிலிருந்து 1.5 செ.மீ. கீழே இருக்கும். இந்த 1.5-ஐ விட்டுவிட்டால் மூடி வாயைத் தாண்டி வளைவதற்கே தன் நீளத்தைச் செலவழித்துவிடும். மடிப்புக் கோட்டுக்கு மேலே இன்னொரு 1.5 செ.மீ. மடிப்பின் பருமனுக்கு விட்டு, அதற்கப்புறம் மூடி 14 செ.மீ. உங்கள் மூடி எட்டாமல் போனது இங்கேதான். மேசைமேல் தட்டையாக வைத்து அளந்த மூடி, நிரம்பிய பையின் வயிற்றின்மேல் ஏறும்போது குறைந்துவிடும். தோல் கனமாக இருந்தால் இன்னும் குறையும்.

தையல் ஓரமாகச் சுற்றிலும் 6 மி.மீ. சேர்க்கவும். முன்துண்டின் வாயில் உள்பக்கம் மடித்துத் தைக்க 1 செ.மீ. ஆக வெட்டும் அளவு: பின்துண்டும் மூடியும் சேர்ந்து 19.2 × 35.1, முன்துண்டு 20.8 × 19.7. வாய் முடியும் இடத்தில் பின்துண்டின் 6 மி.மீ. ஓரத்தைச் சதுரமாக வெட்டி நிறுத்தாதீர்கள். மேலே உள்ள 1.5 செ.மீ. தூரத்தில் சாய்வாகக் கரைத்துக்கொண்டு போங்கள். சதுர வெட்டின் மூலையில் தொடங்கும் கிழிசல் மூடி முழுக்க ஓடும்.

இதற்கு மேலே தோலை வெட்டுவதற்கு முன், பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஒரு தோலைக் காப்பாற்றும்.

எந்த வரிசையில் தைப்பது

பை மூடிவிட்ட பிறகு ஊசி எட்டாத இடங்கள் நிறைய. ஆகவே துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே முடிக்க வேண்டியவை: பின்துண்டின் உள்பக்கத்தில் 11 × 10 செ.மீ. சிறுபை (கல், திருகுக் கம்பிக்கு), வார் ஏறும் இடத்தில் உள்ஒட்டு, முன்துண்டின் வாய் மடிப்பு, மூடியைச் சுற்றிப் பைப்பிங், பொத்தான். மூடியின் ஓரத்துக்கு 0.7 மி.மீ. வரை சீவிய, 16 மி.மீ. அகலத் தோல் பட்டியையோ லினன் நாடாவையோ இரண்டாக மடித்துத் தைக்கலாம். வெறும் ஓரமாக விட்டாலும் தவறில்லை. ஆனால் மெல்லிய தோலின் வெறும் ஓரம் ஒரு வருடத்தில் அலையலையாக நெளியும்.

நூல்: மூன்று புரி லினன், சுமார் 0.6 மி.மீ. தேன்மெழுகில் மூன்று முறை இழுத்து, பிறகு துணியால் அழுத்தி உருவி விடுங்கள். மெழுகு நூலுக்குள் போக வேண்டும், மேலே படிந்திருக்கக் கூடாது. பழைய செருப்புத் தொழிலாளர்கள் பைன் பிசினையும் தேன்மெழுகையும் உருக்கிச் சேர்த்த கறுப்பு மெழுகைப் பயன்படுத்தினார்கள். வெயிலில் பிசின் கூட, குளிரில் குறைய. பளபளக்கும் தட்டை பாலியெஸ்டர் நூல் வேண்டாம். பத்தடி தள்ளியே அது தெரியும், மெல்லிய தோலைக் கத்தி போல அறுக்கவும் செய்யும்.

துளைக்கு உருளை முனைக் குத்தூசி போதும். பல் வரிசை கொண்ட குத்தியைக் கனமான தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. தோலில் அது போட்ட வெட்டுகள் தபால்தலை ஓரம் போலக் கிழிய வழிசெய்யும். குத்தூசி இழைகளை வெட்டாமல் விலக்குகிறது. நூல் ஏறியதும் துளை மூடிக்கொள்ளும்.

முக்கியத் தையல்

முன், பின் துண்டுகளின் மேல்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவே 8 மி.மீ. அகல மெல்லிய இடைப்பட்டி. மூன்றின் வெளி ஓரமும் ஒன்றாக. தையல் 6 மி.மீ. உள்ளே. புரட்டிய பிறகு இந்தப் பட்டி 2 மி.மீ. மட்டும் வெளியே எட்டிப் பார்த்து, நூலை உராய்விலிருந்து காக்கும். வளைவில் பட்டியின் வெளி ஓரத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு மூன்று நான்கு வெட்டுகள் கொடுத்தால் விரிந்து கொடுக்கும்.

இனி மூலை. தையல்கோட்டின் நீளம் பின்துண்டில் 49 செ.மீ., முன்துண்டில் 51. வித்தியாசம் 2 செ.மீ., மூலைக்கு 1. அந்த ஒரு செ.மீ.யை ஒரே இடத்தில் திணித்தால் மடிப்பு. எட்டு செ.மீ. வளைவில் பரப்பினால் கண்ணுக்கே தெரியாது. பின்துண்டில் மூலை தொடங்கும் இடத்திலிருந்து 2 செ.மீ. இடைவெளியில் நான்கு குறிகள் போடுங்கள். முன்துண்டில் அதே தொடக்கத்திலிருந்து 2.25 செ.மீ. இடைவெளியில் நான்கு. இரண்டு குறிகளும் சந்திக்குமாறு ஒவ்வொன்றையும் தற்காலிகத் தையலால் பிணையுங்கள். முன்துண்டின் மூலையை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி, உங்களைப் பார்க்க வைத்து, ஆள்காட்டி விரல் மேல் வளைத்துப் பிடித்தால் ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் நடுவே சின்ன மேடு ஒன்று எழும்பும். அதைக் கட்டைவிரலால் தடவித் தடவி அமுக்கினால் தோல் உள்வாங்கிக்கொள்ளும். கனமான தோல் இதைச் செய்யாது. அதனால்தான் உங்கள் மூலை முண்டு கட்டியது.

பிணைக்க இரும்பு கிளிப்பை எடுக்காதீர்கள். உங்கள் கருநீலக் கறையின் காரணம் அதுவாக இருக்கலாம். கத்தரி, சுத்தியல், இரும்புத் தூள் ஒட்டிய விரல், எதுவானாலும் ஈரமான தாவரத் தோலைத் தொட்டால் டானினும் (பட்டைச் சாற்றின் துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்து மை ஆகிவிடும். மரக் கிளிப்போ பிளாஸ்டிக் கிளிப்போ போதும். ஏற்கெனவே விழுந்த கறைக்கு, அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, சாம்பல் நிறம் மறைந்ததும் நன்கு கழுவுங்கள். அது நச்சு. கையுறை அவசியம். சின்னக் கறைக்கு எலுமிச்சைச் சாறே போதும்.

அடி நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மேலே ஏறுங்கள். ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு ஒரே ஓட்டமாகத் தைத்தால் தோல் சிறிது சிறிதாக நகர்ந்து, கடைசியில் ஒரு பக்கம் அரை செ.மீ. ஏறி நிற்கும். பாதிக்கு 25 செ.மீ. தையல். அதற்கு 1.3 மீட்டர் நூல், இரு முனையிலும் மழுங்கிய ஊசி. அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் மொத்தம் சுமார் 155. ஒவ்வொரு துளையிலும் ஒரே பக்க ஊசி முதலில் போக வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு ஒரே பக்கமாகவே நுழைய வேண்டும். இந்த ஒழுங்கு ஓரிடத்தில் மாறினால் சாய்வு அங்கேயே குழம்பும். இழுப்பு இரண்டு கையிலும் சமம். நூல் தோலில் லேசாகப் பதிந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் மெல்லிய தோல் சுருங்கும். வாயருகே மூன்று தையல் திரும்பி வந்து முடிக்கவும். தையல் முதலில் பிரிவது அங்கேதான்.

புரட்டுவதற்கு முன் தையல் ஓரத்தை 4 மி.மீ.க்கு நறுக்கி, மூலைகளில் சிறு முக்கோண வெட்டுகள் கொடுங்கள். தையலிலிருந்து 2 மி.மீ.க்குள் கத்தி போகக் கூடாது. தையல் ஓரத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கால் மணி நேரம் ஈரம் ஊற விட்டு, அடி மூலைகளை முதலில் உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். முனை உருண்ட மரக்கைப்பிடி ஒன்று வேண்டும். கத்தரி நுனியால் குத்தினால் தையல் விட்டுவிடும். புரட்டியதும் உலர்ந்த மணலை ஒரு துணிப்பையில் கட்டி உள்ளே திணித்து, கையால் வயிறு பிடித்து, நிழலில் ஒரு நாள் காய விடுங்கள். வெயிலில் காய்ந்த பை ஓடு போல விறைக்கும்.

வாரும் பொத்தானும்

வாரைப் பக்கத் தையலில் சேர்த்துப் பிடித்துத் தைப்பவர்கள் அதிகம். அது தையலைக் கிழிக்கும் நெம்புகோல். வாரின் முனைகளை 5 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வரை சீவி, பின்துண்டின் வெளிப்பக்கத்தில், மேல் மூலைகளில், லேசாக உள்நோக்கிச் சாய்த்து, உள்ஒட்டோடு சேர்த்துப் பெட்டித் தையலாகத் தையுங்கள். அகலம் 2.5 முதல் 3 செ.மீ. நீளத்தை நாடாவால் அளக்க வேண்டாம். கயிற்றை இடது தோளில் போட்டு, வலது பக்கம் பையின் மேல்விளிம்பு முழங்கை மடியும் உயரத்தில் நிற்குமாறு, பைக்குக் கீழே போடும் தடித்த சட்டையோடு அளங்கள். பெரும்பாலும் 110-க்கும் 125 செ.மீ.க்கும் இடையே வரும். பக்கிள் கட்டாயமல்ல. அளவு நீங்களே எடுத்தது என்றால் பக்கிளே வேண்டாம். நிக்கல் பூச்சு பக்கிள், டி வளையம், ரிவெட், அழுத்துப் பொத்தான் எதுவும் இந்தப் பையில் ஏறக் கூடாது. துத்தநாகப் பூச்சு இரும்பு பக்கிள்தான் கிடைத்தது என்றால் பூச்சை வினிகரில் ஊறவைத்துக் கரையுங்கள், நெருப்பில் சுடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும்.

பொத்தானைத் தோலிலேயே உருட்டலாம். 9 செ.மீ. நீளத் துண்டு. முதல் 4 செ.மீ. 2 செ.மீ. அகலம், அங்கிருந்து வால் போலக் குறுகி 5 மி.மீ. ஆகட்டும். நனைத்து, அகல முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள், பீடி சுற்றுவது போல. சுருள் வாலைத் தொடும் இடத்தில், குத்தூசியால் சுருளின் எல்லா அடுக்கையும் ஊடுருவி ஒரு துளை. வாலின் நுனியைக் கூராக்கி அந்தத் துளைக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்து இறுக்குங்கள். தோல் தன்னையே பூட்டிக்கொள்ளும். வாலை முன்துண்டின் துளை வழியாக உள்ளே விட்டு, இரண்டாகப் பிளந்து, ஒரு சிறு ஒட்டின் மேல் விரித்துத் தைத்துவிடுங்கள். காய்ந்தால் மரம் போல ஆகும். மூடியில் பொத்தான்துளை வெட்டுவதை விட, ஓரத்தின் கீழே 4 மி.மீ. வார் ஒன்றை வளையமாகத் தைப்பது நல்லது. துளை நாளடைவில் வாய் பிளக்கும்.

கறுப்பும் எண்ணெயும்

நிறம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எண்ணெயும் வெயிலும் கையும் பட்டு மெல்லத் தேன்நிறம் கூடும். கறுப்பு வேண்டுமானால் வினிகர்க் கறுப்பு. ஒரு லிட்டர் வெள்ளை வினிகரில் 20 முதல் 25 கிராம் சாதாரண இரும்பு நார். நாரில் உள்ள எண்ணெயைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நீக்கி, துருப்பிடிக்க விட்டுப் போடுங்கள். மூடியைத் தளர்வாக வையுங்கள். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், இறுக மூடினால் ஜாடி வெடிக்கும். பத்துப் பதினான்கு நாளில் வடிகட்டலாம். வடித்த நீர் செந்துரு நிறத்தில் இருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. இன்னும் கொஞ்சம் நார் போட்டுக் காத்திருங்கள். நம் கலம்காரிக்காரர்கள் வெல்ல நீரில் இரும்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்புக்கோடு இழுப்பது இதே வேதியியல்தான். ஆகவே சாயத்துக்கு முன் தோலுக்குக் கடுக்காய்ப் பொடிச் சாறு (அரை லிட்டருக்கு 50 கிராம்) ஒரு கை தடவினால், தேயிலைச் சாறு தருவதை விட ஆழமான கறுப்பு கிடைக்கும்.

வெட்டிய பிறகு, தைப்பதற்கு முன் சாயம் ஏற்றுங்கள். தைத்த பின் போட்டால் லினன் நூல் அழுக்குச் சாம்பலாகும். இரண்டு கை பூசி அரை மணி நேரம் விட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் இரண்டு நிமிடம் அலசி, நல்ல நீரில் கழுவுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்ட பைகள்தான் இரண்டு மூன்று ஆண்டில் மடிப்பில் வெடித்துப் பொடியாகின்றன. சோடாவில் அதிக நேரம் கிடந்தாலும் தோல் முரடாகும்.

லேசான ஈரம் இருக்கும்போதே நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மொத்தம் 10 முதல் 15 மில்லி, இரண்டு தடவையாக, இடையில் ஒரு நாள் விட்டு. இது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துக் காறும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து ஓடு கட்டும். கொழுப்பு இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கிய கலவையைத் தையலிலும் வாரிலும் மட்டும் தேயுங்கள். பை முழுக்கப் பூசினால் தொய்ந்து போகும், தூசி ஒட்டும்.

பழையது போலத் தெரிய வேண்டும் என்று மணல்தாளால் தேய்ப்பதும், ஓரங்களைக் கருக்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள். 1775-ல் ஒருவர் கையில் இருந்த பை அன்று புதிய பை. தேய்மானம் எங்கே விழும் என்பதை வாரும் முழங்கையும் கொம்பும்தான் தீர்மானிக்கும், அதைக் கையால் ஊகித்து வரைந்தால் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் மேலே வெண்மை படிந்தால் பதறாமல் சோதியுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் மறைந்தால் தோலின் கொழுப்பு வெளியேறியது, துடைத்தால் போதும். மறையாமல், வாடை அடித்தால் பூஞ்சை. காற்றோட்டத்தில் உலர்த்தித் துணியால் நீக்குங்கள்.

ஈயக் குண்டுகளைப் பைக்குள் நேராகக் கொட்டாதீர்கள். கட்டாயம் தனி லினன் சுருக்குப்பையில் வையுங்கள். வினிகர் ஆவியும் மரப்பட்டைத் தோலும் சேர்ந்த இடத்தில் ஈயம் வெண்பொடியாக அரிக்கும். ஐரோப்பாவில் வண்ணத்துக்கான வெள்ளை ஈயத்தையே ஈயத் தகடு, வினிகர், பதனீட்டில் மிஞ்சிய மரப்பட்டை ஆகியவற்றை அடுக்கித்தான் தயாரித்தார்கள். அந்தப் பொடி நஞ்சு. வினிகர்க் கறுப்பு ஏற்றிய பையைக் குறைந்தது இரண்டு வாரம் வாய் திறந்து காற்றாட விட்ட பிறகே குண்டு வைக்க வேண்டும். குண்டைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.